ராமன் சிதறலைப் பெருக்கும் வெள்ளிப் பரப்பு: முதன்முதலாகச் செய்வோருக்கான வழிகாட்டி

கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிலிக்கன் துண்டு, அதன்மேல் நெருக்கமாக அடுக்கப்பட்ட 600 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டைகள், அவற்றைப் போர்த்தியபடி 200 நானோமீட்டர் தடிமனில் வெள்ளி: இக்கட்டுரையைப் பின்பற்றி நீங்கள் செய்யப்போவது இவ்வளவுதான். தட்டையான வெள்ளித் தகட்டின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்காக ஒட்டியிருக்கும் தயோஃபீனால் என்ற கரிமச் சேர்மத்தை ராமன் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தால் இரைச்சலைத் தவிர எதுவும் தெரியாது. அதே அடுக்கு இந்தப் பரப்பின்மேல் இருந்தால், சில நொடிப் பதிவிலேயே அதன் முகடுகள் கூர்மையாக எழுந்து நிற்கும். இயற்பியலிலோ வேதியியலிலோ முதுகலை முடித்துவிட்டு ஆய்வகத்துக்குள் புதிதாக நுழைந்திருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பரப்பைச் செய்து முடிப்பது இரண்டு நாள் வேலைதான். ஆனால் அது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதைப் பிறர் நம்பும்படி சொல்வதற்குப் பல வார உழைப்பு வேண்டும். ஆகையால் செய்முறையைவிட அளவீட்டுக்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஏன் வெள்ளி, ஏன் மேடுபள்ளம்

திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்புப் பகுதியைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கொல்கத்தாவில் கண்டறிந்த சிதறல் மிக மிக வலுவற்றது. ஒரு பொருளின்மேல் விழும் ஒளித்துகள்களில், பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதனினும் குறைவாகவோதான், மூலக்கூறின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறுகிறது. மூலக்கூறுகள் கோடானுகோடியாகத் திரண்டிருக்கும் திரவத்தில் இது குறையாகத் தெரியாது. ஒரு பரப்பில் ஒட்டிய ஒற்றை அடுக்கைப் பார்க்க வேண்டும் என்றால், எண்ணிக்கையே போதாமல் போய்விடுகிறது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் ஆகிய மூவரும், மூலக்கூறுகள் ஒட்டுவதற்கு இடம் கூடட்டும் என்ற எண்ணத்தில், ஒரு வெள்ளி மின்முனையை மின்வேதி முறையில் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பிரிடின் மூலக்கூறின் ராமன் நிறமாலையை 1974-இல் பதிவு செய்தார்கள். கிடைத்த சிக்னல் எதிர்பாராத அளவுக்கு வலுவாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1977-இல், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜீன்மேரும் வான் டைனும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்டும் கிரைட்டனும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்த்தபோது, பெருக்கம் ஒரு லட்சம் மடங்கு முதல் பத்து லட்சம் மடங்கு வரை என்று தெரிந்தது. சொரசொரப்பால் கூடிய பரப்பளவைக் கொண்டு அதை எவ்வகையிலும் விளக்க முடியாது. பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் சிதறல் என்ற துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆய்வகப் பேச்சில் இதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிச் செர்ஸ் (SERS) என்பார்கள். இனி நானும் அப்படியே அழைக்கிறேன்.

இதன் இயக்கத்தை ஒரு முறை தெளிவாகப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் எதற்காக எதைச் செய்கிறோம் என்பது தானே விளங்கும். உலோகத்தில் கட்டற்று உலவும் எலக்ட்ரான்கள், ஒளியின் மின்புலத்தோடு சேர்ந்து ஆடுகின்றன. உலோகம் நானோமீட்டர் அளவிலான மேடாகவோ குழியாகவோ இருக்கும்போது, அதன் வடிவத்துக்கும் அளவுக்கும் ஏற்ற ஒரு குறிப்பிட்ட நிறத்தில் இந்த ஆட்டம் ஒத்திசைவு பெற்று வலுக்கிறது. இதுவே பரப்புப் பிளாஸ்மான் ஒத்திசைவு. அந்த நிறத்தில், மேடுகளின் விளிம்பிலும் இரு மேடுகளுக்கு இடைப்பட்ட இடுக்கிலும் மின்புலம் குவிகிறது. இடுக்கில் இருக்கும் மூலக்கூறு முதலில் அந்த வலுத்த புலத்தால் தூண்டப்படுகிறது. பிறகு அது வெளியிடும் சிதறிய ஒளியையும் அதே உலோக மேடு ஒரு அலைவாங்கிபோல் வாங்கிப் பெருக்கி அனுப்புகிறது. போகும் வழியில் ஒரு பெருக்கம், வரும் வழியில் ஒரு பெருக்கம் என்று இரண்டும் சேர்வதால், மொத்தப் பெருக்கம் மின்புலப் பெருக்கத்தின் நான்காம் அடுக்குக்கு ஏறத்தாழச் சமமாகிறது. புலம் 10 மடங்கு வலுத்தால் சிக்னல் 10,000 மடங்கு. புலம் 30 மடங்கானால் சிக்னல் எட்டு லட்சம் மடங்கைத் தாண்டிவிடும். உலோகத்தோடு வேதிப்பிணைப்பு உண்டாகும்போது மூலக்கூறுக்குள் நிகழும் மாற்றத்தாலும் ஒரு கூடுதல் பெருக்கம் உண்டு என்றாலும், அது பெரும்பாலும் பத்து முதல் நூறு மடங்குக்குள் அடங்கிவிடும்.

நான்காம் அடுக்கு என்பதால் ஆதாயம் பெரிது, ஆனால் வழுக்கலும் பெரிது. புலம் இரண்டு மடங்கு குறைந்தால் சிக்னல் பதினாறு மடங்கு குறையும். வடிவத்தில் நேரும் சிறு பிழை சிக்னலில் பெரும் ஏற்றத்தாழ்வாக வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே. உலோகத்தை விட்டு விலக விலகப் புலம் வேகமாகத் தேய்கிறது. ஒட்டியிருக்கும் மூலக்கூறுக்குக் கிடைக்கும் பெருக்கம் சில நானோமீட்டர் தள்ளியிருக்கும் மூலக்கூறுக்குக் கிடைப்பதில்லை.

முதல் முடிவு: லேசர்

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் பரப்பைச் செய்துவிட்டுப் பிறகுதான் எந்த லேசரில் அளப்பது என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் ராமன் கருவியில் எந்த லேசர் இருக்கிறது என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்திய ஆய்வகங்களில் பொதுவாகக் காணப்படுபவை 532, 633, 785 நானோமீட்டர் லேசர்கள். வெள்ளி இம்மூன்றுக்கும் பொருந்தும். தங்கம் 633, 785 ஆகிய இரண்டுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். 532-இல் தங்கம் ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் பிளாஸ்மான் வலுக்குறைந்து போகும். தங்கம் காற்றில் கெடாது என்பது அதன் பெரிய நன்மை. வெள்ளி கூடுதல் பெருக்கம் தரும், ஆனால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் நாளடைவில் கருக்கும்.

இக்கட்டுரைக்கு 785 நானோமீட்டர் லேசரையும் வெள்ளியையும் எடுத்துக்கொள்கிறேன். 785-இல் பெரும்பாலான கரிமப் பொருள்கள் தாமாக ஒளிர்வதில்லை என்பதால், பின்னணி அமைதியாக இருக்கும். பரப்பின் ஒத்திசைவு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கிட்டுவிடலாம். 785 நானோமீட்டர் என்பது, ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையாகச் சொன்னால், 12,739 செ.மீ⁻¹. நாம் பார்க்கப்போகும் தயோஃபீனால் முகடு 1073 செ.மீ⁻¹ என்றால், சிதறிய ஒளி 11,666 செ.மீ⁻¹, அதாவது 857 நானோமீட்டரில் வெளிவரும். போகும் ஒளிக்கும் வரும் ஒளிக்கும் சமமாகப் பயன்பட வேண்டும் என்றால், ஒத்திசைவு இவ்விரண்டுக்கும் நடுவே, 820 நானோமீட்டர் அருகே அமைவது நல்லது. லேசர் அலைநீளத்திலேயே ஒத்திசைவு அமைய வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

எந்த வகைப் பரப்பு

வெள்ளி நைட்ரேட்டைச் சோடியம் சிட்ரேட்டால் ஒடுக்கி நானோ துகள்களைச் செய்யும் முறை எளிமையானது. லீ, மைசல் இருவரும் 1982-இல் வெளியிட்ட அளவுகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன: 500 மி.லி. தூய நீரில் 90 மி.கி. சில்வர் நைட்ரேட்டைக் கரைத்துக் கொதிக்கவைத்து, 1 சதவீதச் சோடியம் சிட்ரேட் கரைசல் 10 மி.லி. சேர்த்து, ஒரு மணி நேரம் கொதிநிலையில் வைத்தால், பசுமை கலந்த மஞ்சள் நிறக் கூழ்மம் கிடைக்கும். வெற்றிடக் கருவி இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. குழாய்நீர் ஒரு துளியும் படக் கூடாது, ஏனென்றால் அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கிவிடும். ஆயினும் இந்தக் கூழ்மத்தைத் துளியாக விட்டு உலர்த்தினால், துகள்கள் எல்லாம் விளிம்புக்குச் சென்று, சிந்திய காபி உலர்ந்தாற்போல வளையமாகப் படியும். வளையத்தின்மேல் ஓரிடத்தில் பிரமாதமான சிக்னல், பத்து மைக்ரோமீட்டர் தள்ளி ஒன்றுமே இல்லை என்ற நிலையில், புதியவருக்குத் தம் பரப்பைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

உருண்டைகளின்மேல் வெள்ளிப் படலம் என்ற முறையை நான் பரிந்துரைப்பதற்கு அதன் சீர்மைதான் காரணம். இதன் அதிகபட்சப் பெருக்கம் கூழ்மத்தின் மிகச் சிறந்த இடுக்குகளை எட்டாது. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு சிக்னல் கிடைக்கும். உருண்டையின் விட்டத்தை மாற்றினால் ஒத்திசைவின் நிறம் நகர்வதால், 785 லேசருக்கு 600 நானோமீட்டர் அளவிலான உருண்டைகளிலிருந்து தொடங்கலாம். குறைந்த அலைநீள லேசருக்குச் சிறிய உருண்டைகள் வேண்டும்.

சிலிக்கனைத் தூய்மை செய்தல்

சிலிக்கன் தகட்டை வைர முனைப் பேனாவால் கீறி, 1 செ.மீ. சதுரத் துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோனிலும் பிறகு எத்தனாலிலும் பத்துப் பத்து நிமிடம், மீயொலியால் அதிரவைக்கும் சானிகேட்டரில் வைத்துக் கழுவுங்கள். அடுத்து நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றை 5:1:1 விகிதத்தில் கலந்து, ஏறத்தாழ 75 முதல் 80 டிகிரி செல்சியசில் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். இதை, ஆவியை வெளியே உறிஞ்சி அனுப்பும் ஃப்யூம் ஹூடுக்குள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்துதான் செய்ய வேண்டும். கந்தக அமிலமும் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அது கரிமப் பொருள் பட்டால் வெடிக்கக்கூடியது என்பதால், தனியாக வேலை செய்யும் புதியவர் அதைத் தொடவே வேண்டாம்.

தூய்மையானதா என்று அறிய ஒரு சொட்டு நீர் போதும். நன்றாகத் தூய்மையான துண்டில் சொட்டு நிற்காமல் பரவி மெல்லிய படலமாகிவிடும். முத்துப்போல் உருண்டு நின்றால் மீண்டும் ஊறவைப்பதுதான் வழி. அந்த நிலையில் உருண்டைகளை விட்டால் அவை திட்டுத்திட்டாகவே படியும். தூய்மையான துண்டுகளைத் தூய நீரிலேயே மூழ்க வைத்திருந்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

உருண்டைகளை அடுக்குதல்

பொறுமை வேண்டிய இடம் இது. முதலில் எவ்வளவு உருண்டைகள் வேண்டும் என்று கணக்கிடுங்கள். 600 நானோமீட்டர் உருண்டைகள் தேன்கூட்டு அமைப்பில் நெருங்கி அமர்ந்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 32 கோடி உருண்டைகள் இருக்கும். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05 என்று கொண்டால், அவற்றின் மொத்த எடை 38 மைக்ரோகிராம்தான். கடையில் வாங்கிய கரைசல் 10 சதவீதம் என்றால், அதில் ஒரு மைக்ரோலிட்டரில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆகவே வாங்கிய கரைசலை அப்படியே விட்டால், துண்டின்மேல் பல அடுக்குகள் குவியும். அதை 0.4 சதவீதமாக நீர்த்து, பத்து மைக்ரோலிட்டர் விட்டால் கணக்குக்குச் சரியாக வரும். விளிம்பில் கொஞ்சம் வீணாகும் என்பதால் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். நீர்ப்பதற்கு முன் குப்பியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, சானிகேட்டரில் சில நிமிடம் வையுங்கள். அடியில் படிந்த உருண்டைகள் கலக்காமல் இருந்தால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

துண்டைப் பெட்ரி டிஷ்ஷில் வைத்து, பிப்பெட்டால் சொட்டை நடுவில் விட்டு, துண்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைசல் நான்கு மூலைகளையும் தொடும்படி செய்யுங்கள். பிறகு மூடியைச் சற்றே திறந்தபடி மூடி, அசையாத மேசையில் விட்டுவிடுங்கள். மின்விசிறி ஓடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு மூலையிலிருந்து உலர்ந்துகொண்டே வரும் கோட்டை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். ஈரக்கோட்டின் இந்தப் பக்கம் பால்போன்ற நீர், அந்தப் பக்கம் உலர்ந்த பரப்பு. அந்தக் கோடு நிதானமாக நகர்ந்தால், உருண்டைகள் ஒன்றையொன்று இழுத்து ஒழுங்காக அமர்கின்றன என்று பொருள். மேசை அதிர்ந்தாலோ காற்று வீசினாலோ கோடு நின்று நின்று தாவும். அங்கெல்லாம் வெண்கோடுகள் விழும்.

உலர்ந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒழுங்கான அடுக்கு, குறுந்தகட்டின் அடிப்பக்கம் போல, கோணம் மாற மாற நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டும். வெறும் வெண்மையாக இருக்கும் இடத்தில் உருண்டைகள் ஒழுங்கின்றிக் குவிந்துள்ளன. இம்முறையில் வெள்ளி மேலடுக்கை மட்டுமே போர்த்துவதால், அடியில் இரண்டு மூன்று அடுக்குகள் இருந்தாலும் கேடில்லை, மேலடுக்கு ஒழுங்காக இருந்தால் போதும்.

வெள்ளி பூசுதல்

இதற்கு வெற்றிட ஆவிப்படிவுக் கருவி வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் வெளியாருக்கும் நானோ உருவாக்க வசதிகளைத் திறந்துவிட்டிருக்கின்றன. முன்கூட்டியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே துண்டுகளைத் தயார் செய்வதற்கு முன்பே நாளை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அழுத்தம் 10⁻⁶ டார் அளவுக்கு இறங்கிய பிறகு, நொடிக்கு 0.1 முதல் 0.2 நானோமீட்டர் என்ற வேகத்தில், குவார்ட்ஸ் படிகத் தடிமன்மானி 200 நானோமீட்டர் காட்டும்வரை வெள்ளியைப் படியவிடுங்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அருகே இளகத் தொடங்கிவிடும் என்பதால், துண்டுகளை வெப்ப மூலத்திலிருந்து போதிய தூரத்தில் பொருத்துங்கள். அதே சுற்றில், உருண்டைகள் இல்லாத ஒரு வெறும் சிலிக்கன் துண்டையும் உள்ளே வையுங்கள். அது தட்டையான வெள்ளிப் பரப்பாகி, பின்னால் ஒப்பீட்டுக்கு உதவும். இந்தத் துண்டை மறந்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரிசையில் நிற்கும் மாணவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

வெளியே எடுத்ததும், எதிரொளிப்பு நிறமாலையை அளந்து பாருங்கள். தட்டையான வெள்ளி எல்லா நிறத்தையும் சீராக எதிரொளிக்கும். உருண்டைப் பரப்பில், ஒத்திசைவு இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் 820 நானோமீட்டருக்கு வெகுதூரம் விலகியிருந்தால், உருண்டை விட்டத்தையோ வெள்ளித் தடிமனையோ மாற்ற வேண்டும் என்று பொருள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் அழகானது, ஆய்வுக்கட்டுரைக்கும் தேவையானது. ஆனால் சிக்னலைத் தீர்மானிப்பது இந்தப் பள்ளம்தான்.

சோதனை மூலக்கூறு

ரோடமின் 6ஜி சாயத்தைத்தான் பலரும் முதலில் எடுப்பார்கள். 532 லேசரில் அதை அளந்து, பெருக்கம் கோடிக்கணக்கில் என்று எழுதியிருப்பதையும் பார்க்கலாம். அந்தச் சாயம் 530 நானோமீட்டர் அருகே ஒளியை மிக வலுவாக உறிஞ்சுகிறது. ஆகவே அங்கு கிடைக்கும் சிக்னலில் ஒரு பெரும் பங்கு மூலக்கூறின் சொந்த ஒத்திசைவால் வந்தது. பரப்பின் சாதனை அன்று. பரப்பை மதிப்பிட வேண்டும் என்றால், லேசர் நிறத்தில் உறிஞ்சாத, வெள்ளியோடு ஒரே அடுக்காகப் பிணையும் மூலக்கூறு வேண்டும். தயோஃபீனால் அதற்கு ஏற்றது. அதன் கந்தக முனை வெள்ளியைப் பிடித்துக்கொள்ள, பென்சீன் வளையம் மேல்நோக்கி நிற்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 6.8 × 10¹⁴ மூலக்கூறுகள் என்ற எண்ணைக் கணக்குகளில் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தயோஃபீனால் நச்சுத்தன்மை உடையது, அதன் நாற்றமோ ஒரு துளியிலேயே கட்டிடம் முழுவதும் பரவிவிடும். ஃப்யூம் ஹூடை விட்டு வெளியே அதன் குப்பியைத் திறக்கக் கூடாது. பயன்படுத்திய பிப்பெட் முனைகளையும் கையுறைகளையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்த பிறகே அகற்றுங்கள். நல்ல ஃப்யூம் ஹூட் இல்லாத இடத்தில், திடப்பொருளாகக் கிடைக்கும் 4-மெர்கேப்டோபென்சாயிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளலாம். எத்தனாலில் 1 மில்லிமோலார் கரைசல் செய்து, துண்டை இரவு முழுவதும் மூழ்கவைத்து, காலையில் புதிய எத்தனாலால் நன்றாக அலசி, நைட்ரஜனால் உலர்த்துங்கள். அலசுவதில் சோம்பல் காட்டினால், பிணையாமல் ஒட்டிக்கிடக்கும் மூலக்கூறுகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அளவீடு

முதலில் வெறும் சிலிக்கனை வைத்து அதன் முகடு 520.7 செ.மீ⁻¹-இல் நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு லேசர் திறனை மிகக் குறைவாக, 0.1 மில்லிவாட் அளவில் வையுங்கள். இந்த எச்சரிக்கை ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். 0.75 நியூமரிக்கல் அப்பர்ச்சர் (ஒளியைக் குவிக்கும் கோணத்தின் அளவு) உள்ள ஆப்ஜெக்டிவ், அதாவது நுண்ணோக்கியின் பொருளருகு வில்லை, 785 நானோமீட்டர் ஒளியை ஏறத்தாழ 1.28 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புள்ளியாகக் குவிக்கிறது. வெறும் 1 மில்லிவாட் அந்தப் புள்ளியில் விழுந்தாலே, அங்கு ஒளியின் அடர்த்தி நண்பகல் வெயிலைப்போல் ஏறத்தாழ எட்டு லட்சம் மடங்கு. அதை வெள்ளி இடுக்குகள் மேலும் குவிக்கின்றன. மூலக்கூறு தாங்காமல் கரியாகிவிடும். 1350, 1580 செ.மீ⁻¹ பகுதிகளில் அகலமான இரண்டு மேடுகள் எழுந்து, நொடிக்கு நொடி வடிவம் மாறிக்கொண்டிருந்தால், நீங்கள் பார்ப்பது கரியின் நிறமாலை. திறனை இரண்டு மடங்காக்கினால் சிக்னலும் இரண்டு மடங்காக வேண்டும். அப்படி ஆகாத திறனில் எடுத்த எந்தப் பதிவையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெள்ளியில் பிணைந்த தயோஃபீனாலின் முதன்மை முகடுகள் 999, 1022, 1073, 1573 செ.மீ⁻¹ அருகே வரும். திரவத் தயோஃபீனாலில் 1092-இல் இருக்கும் முகடு, பிணைந்தபின் 1073-க்கு நகர்கிறது. கந்தகம்-ஹைட்ரஜன் பிணைப்புக்குரிய 2570 அருகிலுள்ள முகடு மறைந்துவிடுகிறது. இவ்விரண்டும் இருந்தால்தான் மூலக்கூறு வெள்ளியைப் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம்.

இங்கே நான் நேரில் அனுபவித்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். நான் முதன்முதலில் செய்த துண்டுகளில் 1001 செ.மீ⁻¹-இல் அழகான, உயரமான முகடு கிடைத்தது. அது தயோஃபீனாலின் 999 முகடு, கருவியின் சிறு பிறழ்ச்சியால் 2 அலகு நகர்ந்திருக்கிறது என்று முடிவு செய்து, மூன்று வாரம் அதை வைத்தே வரைபடங்கள் போட்டேன். நான்காவது வாரம், மூலக்கூறே ஒட்டாத ஒரு துண்டைப் போகிறபோக்கில் அளந்தேன். அதே முகடு, அதே உயரத்தில் நின்றது. அது பாலிஸ்டைரீனின் முகடு. வெள்ளிப் படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் இருந்ததால், அடியிலிருந்த உருண்டைகளின் சிக்னல் கசிந்து வந்திருக்கிறது. பாலிஸ்டைரீனுக்கும் பென்சீன் வளையம் உண்டு, அதனால் 1001, 1031, 1602 ஆகிய இடங்களில் அதற்கும் முகடுகள் உண்டு. 1602-ஐயும் 1573-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆகையால் கணக்குக்கு 999-ஐ விட்டுவிட்டு 1073-ஐ எடுங்கள். மூலக்கூறு இல்லாத உருண்டைப் பரப்பு, மூலக்கூறு உள்ள தட்டை வெள்ளி, வெள்ளி பூசாத உருண்டைகள் என்ற மூன்று ஒப்பீட்டுத் துண்டுகளையும் முதல் நாளிலேயே அளந்துவிடுங்கள்.

ஒரு புள்ளியில் எடுத்த நிறமாலை எதையும் நிறுவாது. துண்டின்மேல் குறைந்தது நூறு புள்ளிகளில், கண்ணால் தேர்ந்தெடுக்காமல், கருவியே கட்டம் கட்டமாக நகர்ந்து அளக்கும்படி அமையுங்கள். சராசரியையும் திட்ட விலக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

பெருக்கத்தைக் கணக்கிடுதல்

பெருக்குக் காரணி என்பது, பரப்பின்மேலுள்ள ஒரு மூலக்கூறு தரும் சிக்னலை, திரவத்திலுள்ள ஒரு மூலக்கூறு தரும் சிக்னலால் வகுத்தால் கிடைப்பது. சிக்னலை அளப்பது எளிது, எத்தனை மூலக்கூறுகள் அதைத் தந்தன என்று எண்ணுவதில்தான் சிக்கல். ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம்.

தூய தயோஃபீனால் திரவத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.9 × 10²¹ மூலக்கூறுகள் உள்ளன. லேசர் புள்ளியின் பரப்பளவு 1.28 × 10⁻⁸ சதுர சென்டிமீட்டர். குவியத்தின் ஆழத்தை அறிய, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள பாலிஸ்டைரீன் படலத்தைக் குவியத்தின் வழியே மேலும் கீழும் நகர்த்தி, சிக்னல் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்க வேண்டும். அது 10 மைக்ரோமீட்டர் என்று வந்ததாகக் கொள்வோம். அப்படியானால் திரவத்தில் நாம் பார்க்கும் மூலக்கூறுகள் 7.5 × 10¹⁰. பரப்பின்மேலோ, 6.8 × 10¹⁴-ஐப் புள்ளியின் பரப்பளவால் பெருக்கி, உருண்டைகளின் மேல்பாதி வளைந்திருப்பதால் கூடும் பரப்பளவுக்காக 1.8-ஆல் மீண்டும் பெருக்கினால், 1.6 × 10⁷ கிடைக்கும். திரவத்தில் இருப்பவை ஏறத்தாழ 4700 மடங்கு அதிகம். ஒரே திறன், ஒரே நேரம் என்று சீராக்கிய பிறகு, பரப்பின் 1073 முகடு திரவத்தின் 1092 முகட்டைவிட 200 மடங்கு உயரம் என்றால், பெருக்குக் காரணி ஏறத்தாழ ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். சுருக்கமாக 10⁶ என்று எழுதலாம்.

திறனையும் நேரத்தையும் சீராக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். பரப்பை 0.1 மில்லிவாட்டில் 1 நொடியும், திரவத்தை 10 மில்லிவாட்டில் 10 நொடியும் அளந்திருந்தால், இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு இருக்கிறது. திறனை ஆப்ஜெக்டிவுக்குக் கீழே திறன்மானி வைத்து அளங்கள். மென்பொருள் காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம். குவிய ஆழத்தை ஊகமாகப் போட்டு, பரப்பின் மூலக்கூறுகளைக் குறைத்தும் எண்ணினால், இதே பதிவிலிருந்து 10⁸ என்றும் காட்டிவிட முடியும். அதனால்தான் காரணியை எழுதும்போது, அதற்குப் பயன்பட்ட ஒவ்வொரு எண்ணையும், அது அளந்ததா எடுத்துக்கொண்டதா என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன்.

ராமனுக்கு அப்பால்

இதே பரப்பு மூலக்கூறின் ஒளிர்வையும் பெருக்கும். ஆனால் அங்கே மூலக்கூறு உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒளிர்வு அணைந்துவிடும் என்பதால், இடையில் 5 முதல் 10 நானோமீட்டர் தடிமனில் சிலிக்கா போன்ற ஒரு பிரிப்படுக்கு வேண்டும். ஒரே பரப்பில் இவ்விரண்டும் எதிரெதிர்த் தூரங்களைக் கேட்கின்றன என்பதை, ஒன்றில் தேர்ந்தபின் மற்றதற்குச் செல்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். உலோகம் சூடாவது தொல்லை தரும் ஆய்வுகளுக்குச் சிலிக்கன் போன்ற உலோகமல்லாத பொருளாலான தூண்களைக் கொண்ட பரப்புகளும் இருக்கின்றன. அவற்றின் பெருக்கம் குறைவு, இழப்பும் குறைவு.

பாதுகாத்தல்

வெள்ளி பூசிய துண்டுகளை அன்றே மூலக்கூறுக் கரைசலில் இடுவது நல்லது. முடியாதபோது நைட்ரஜன் நிரப்பிய பெட்டியிலோ வெற்றிட உலர்த்தியிலோ வைத்து, சில நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். ரப்பர் கையுறை, ரப்பர் பட்டை, கந்தகம் கலந்த எதுவும் அதே பெட்டியில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டின் பெட்டியிலும் உருண்டை விட்டம், வெள்ளித் தடிமன், பூசிய தேதி, எதிரொளிப்புப் பள்ளத்தின் இடம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஒரே சுற்றில் பூசிய துண்டுகளில் ஒன்றை மூலக்கூறு ஒட்டாமல் ஒதுக்கிவைத்து, வாரம் ஒருமுறை அதன் எதிரொளிப்பை மட்டும் அளந்து வாருங்கள். பள்ளம் நகரத் தொடங்கும் வாரத்தில், அந்தச் சுற்றில் மீதமிருக்கும் துண்டுகளை அளவீட்டுக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த சுற்றுக்குச் சிலிக்கனை வெட்டத் தொடங்கலாம்.